உதட்டுப் புண்ணும் ஊரார் பேச்சும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவம் பயிலாத தமிழாசிரியராகிய யாம் நோயைப்பற்றிப் பேசத் துணிந்ததேன் என்று சிலர் ஐயுறலாம். நோய் ஒரு பங்கும், அதனைப்பற்றி நாம் வழங்கும் சொற்கள் ஒன்பது பங்குமாக நின்று மக்களை வருத்துமிடத்துச் சொல்லாராய்வோனுக்கும் சிறிது வேலையுண்டன்றோ?

உதட்டோரத்தில் முதலில் குறுகுறுப்பும் எரிவும் தோன்றி, பின் சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுந்து, உடைந்து, பொருக்குக் கட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் ஆறும் புண்ணை யாவரும் கண்டிருப்போம். பல்லி எச்சம் பட்டதென்பார் சிலர், உட்சூடென்பார் சிலர், அக்கியென்று காவி குழைத்து எழுதுவிப்பாரும் உளர். அக்கி வேறொரு வைரஸால் வருவது. வாயினுள்ளே அடிக்கடி தோன்றி ஆறும் வெண்புண்ணோ பெரும்பாலும் தொற்றாதது. நாம் கூறும் புண்ணுக்குக் காரணம் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ் என்க. ஹெர்ப்பீஸ் என்பது ஊர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பெயர் பொருத்தமே, புண் ஆறிய பின்னும் அவ்வைரஸ் உடலை விட்டகலாது, நரம்பின் வழியே சென்று மண்டையோட்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடுவெயில், களைப்பு, மனக்கவலை இவை நேர்ந்துழி, சிலரிடத்து வந்த வழியே மீளும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, ஐம்பது வயதுக்குட்பட்டோருள் 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இவ்வைரஸைத் தாங்கியுள்ளனர். பெரும்பாலோர்க்கு இது குழந்தைப் பருவத்திலேயே உற்றார் முத்தத்தாலும் எச்சிலாலும் வந்தது. உண்மை இவ்வாறிருக்க, பெண் பார்க்க வந்த வீட்டார் மணமகளின் உதட்டில் இப்புண்ணைக் கண்டு அவள் ஒழுக்கத்தையே ஐயுற்று முணுமுணுத்தல் என்ன நியாயம்? முணுமுணுத்தோர் நரம்பிலும் அதே வைரஸ் உறங்கிக் கொண்டிருக்கலாம்!

நிற்க. வீண் பழி கூறுவதில் விரைவு காட்டும் நாம், அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுவதில்லை. பெயரிடும் நாளன்று பச்சிளங் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி முத்தமிடுகின்றோம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இவ்வைரஸ் தொற்றின், மூளையிலும் ஈரலிலும் பரவி உயிரையே கொள்ளக்கூடும். உதட்டில் புண்ணுடையார் பாட்டியாராயினும் தாய்மாமனாராயினும் குழந்தையை முத்தமிடலாகாது. புண் வெளிப்படாத நாளிலும் எச்சிலில் வைரஸ் இருக்கக்கூடுமாதலின், அச்சில வாரங்கள் எவரும் வாய்வைத்து முத்தமிடாதிருத்தலே நன்று. வருத்தம் கொள்ளும் உறவினர் கொள்ளட்டும். அக்குழந்தைக்குக் காய்ச்சலோ, பால் குடியாமையோ, சோர்வோ, கொப்புளமோ கண்டால் அந்நாளே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

சற்று வளர்ந்த குழந்தைக்கு முதன்முறை தொற்றுங்கால் காய்ச்சலும் ஈறு வீக்கமும் வாயெங்கும் புண்ணும் உண்டாகி, நீரும் அருந்த மறுக்கும். சிறுநீர் குறைந்தால் தாமதியாது மருத்துவரிடம் காட்டுக. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்குதல் பெருங் கேடு. கருவிழியில் வடு வீழ்ந்து பார்வை மங்கும். கரப்பான் உடையாரும், நோயெதிர்ப்பு வலி குன்றியோரும் தனிக் கவனம் கொள்ளல் வேண்டும்.

வைரஸை அடியோடு அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. எனினும் அசைக்ளோவிர் என்னும் மருந்து அதன் பெருக்கத்தைத் தடுக்கும். இதனை ஆக்கிய ஆராய்ச்சியில் பெரும் பங்குற்ற ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். குறுகுறுப்புத் தோன்றியவுடன் தொடங்கினாலன்றி இதன் பயன் குறைவு. பலர்க்கு மருந்தே வேண்டுவதில்லை. அடிக்கடி வருத்தப்படுவோர் மாத்திரைக்கு மருத்துவரை வினவுக. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமே பூசுதல் நோயை வளர்க்கும். சுண்ணாம்பு அப்புதலும் வேண்டா.

குவளையை உதட்டிற் படாது தூக்கிப் பருகும் நம் வழக்கம் இங்கே உதவும். புண்ணுள்ள நாளில் துண்டும் குவளையும் தனியே இருக்கட்டும். ஆளைத் தனியே அமர்த்த வேண்டுவதில்லை. பாலூட்டும் தாய்க்கு உதட்டில் புண் வந்தால் பாலை நிறுத்திவிடுமாறு கூறும் மூதாட்டியர் உளர். மார்பில் புண் இல்லையேல் நிறுத்த வேண்டா. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, வாயைத் துணியால் மறைத்து, முத்தமிடாது பாலூட்டலாம்.