தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன்



கோணேசர் கோயிலைப் பற்றியும் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றியும் நம்மினும் நன்கறிந்தோர் இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவற்றை அவர்களுக்கே விட்டு, வைத்தியத்தை எப்படிக் கற்பிப்பது என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஒருவரைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். டாக்டரை மட்டுமன்றித் தாதி, மருந்தாளர், மருத்துவிச்சி, அம்புலன்சில் ஓடிவரும் உதவியாளர் ஆகியோரையும் எவ்வாறு பயிற்றுவது, எம்மொழியில் பயிற்றுவது என்று ஆராய்வது இன்று பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. அத்துறைக்கு ஒரு பெயர் ஏற்படுமுன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவ்வேலையைச் செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தவர் அவர். அதே ஆண்டில்தான் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த கிறீன், அடுத்த ஆண்டிலேயே சில மாணவரைச் சேர்த்து வைத்திய வகுப்பைத் தொடங்கினார். அவர் மதம் பரப்ப வந்தவர். அதனை அவர் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. சைவப் பிள்ளைகளுக்கெனப் பாலபாடம் எழுதிய நாவலர் ஒரு கரையிலும் கிறீன் மறுகரையிலும் நின்றார்கள். ஆயினும் பாடப்புத்தகம் நல்ல தமிழ் வசனத்தில் இருக்கவேண்டும் என்ற ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். எதிர்க்கரையில் நின்றவர் என்பதற்காக ஒருவரின் உழைப்பைக் கணக்கில் எடாமல் விடுவது நமக்கு அழகன்று.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அதன் பலன் என்ன? கற்றுத் தேறியவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போயினர். கிராமத்தில் வயிற்றோட்டம் வந்து துடிப்பவனுக்குப் பழையபடி ஒருவருமில்லை. கிறீன் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழூரில் தங்குவான் என்பது அவர் கணக்கு. மாணவர் மேனாட்டு உடைக்கும் பழக்கவழக்கத்துக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. அவரிடம் பயின்று தேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! இங்கேதான் அவருடைய பெரிய உழைப்பு. உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் மூன்றையும் ஒருங்கே கூறும் நூல் 1852இல் வெளிவந்தது. பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. இரண வைத்தியம் 1867இல் வந்தது. கிறே என்பவர் எழுதிய, உலகமெங்கும் படிக்கப்படும் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. சாப்மன், டன்வதர் முதலிய தமிழ் மாணவரே மொழிபெயர்ப்பில் கைகொடுத்தனர். மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் என்பர். கொப்பி எழுதவே கைவலிக்கிறது என்னும் நம் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்கட்டும்.

அவர் கலைச்சொல் அமைத்த முறை நுட்பமானது. முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லைத் தேடுவார். பின்பு வடமொழியை நாடுவார். அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இணக்கி எடுத்துக்கொள்வார். ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லைக் கேட்டால் நம் புலவர் கேசாதிபாதம் பாடியது நினைவுக்கு வருகின்றதல்லவா? உடற்றொழிலுக்குச் ‘சுகரணம்’ என்றார். ‘கெமிஸ்தம்’ என்பதோ ஆங்கிலத்துக்கு வேட்டி உடுத்த சொல்! இவற்றுட் பல இன்று வழக்கொழிந்து, உடற்கூற்றியல், உடற்றொழிலியல், இரசாயனவியல் என்று ஆகிவிட்டன. அதனாற் குறைவில்லை. சொல் மாறலாம், தமிழிலே சொல்லிவிட முடியும் என்ற துணிவை முதலில் ஒருவர் காட்டவேண்டியிருந்தது.

1873இல் அவர் ஊர் திரும்பினார். நூற்பணியை அங்கிருந்தும் விடவில்லை. 1884இல் மறைந்தார். தமிழருக்கு வைத்தியப் பணிசெய்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவரே கேட்டிருந்தார். வைத்தியப் படிப்போ பின்னர் முற்றாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை டாக்டர்கள் நாட்டைவிட்டுப் போயினர் என்று பார்க்கும்போது, கிறீன் 1864இல் போட்ட கணக்கு ஞாபகத்துக்கு வராமற் போகாது.

மானிப்பாய்க் கதை திருக்கோணமலைக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்முடையது தண்ணீர் சூழ்ந்த மாவட்டம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை நோயாளியையும் படகுப்பாதையில் ஏற்றித்தான் துறை கடத்தினோம். 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை இங்குள்ள எவரும் மறந்திரார். நீரில் மூழ்கியவனுக்கு மூச்சு நின்றால் நமக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் அருகில் நிற்பவன் டாக்டர் அல்லன். கரைவலை இழுப்பவன், கடைக்காரன், பள்ளிக்கூடப் பையன்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, இந்தியாவின் கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரந்தது. வண்டியில் வருபவர் பயிற்சி பெற்ற உதவியாளர். வீதிக்கே வைத்தியத்தைக் கொண்டுபோகலாம் என்பதை வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் பான்ரிட்ஜ் என்ற இருதய வைத்தியர் 1966இல் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே, வேலையற்றிருந்த கறுப்பின இளைஞரைச் சேர்த்துப் பயிற்றி ‘பிரீடம் ஹவுஸ்’ அம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். உயிர்காக்கும் கலையைச் சாதாரண இளைஞர் திறம்படக் கற்கமுடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஆயினும் எவ்வளவு விரைவாக வந்தாலும் வண்டி வருவதற்குச் சற்று நேரம் செல்லும். அந்த இடைவெளி நம்முடையது.

அதற்கு வேண்டிய பாடம் நீண்டதன்று. அதைக் கிறீனைப் போலப் பச்சைத் தமிழிற் சொல்லிப் பார்ப்போம். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், தண்ணீர் வெளியேற வயிற்றை அமுக்குவதும் நம் கரைகளில் நெடுநாள் வழக்கம். அதனால் நன்மையில்லை; நேரம் வீணாகும், கேடும் விளையும். ஒருவர் 1990க்கு அழைக்க, மற்றவர் அவரை மல்லாக்கக் கிடத்தித் தலையைச் சற்றுப் பின்சாய்த்து நாடியை உயர்த்துக. மூச்சு இல்லையாயின், மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும்படி முதலில் ஊதுக. பின்பு நடுநெஞ்சிலே ஒரு கைமேல் மறுகை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில், வளர்ந்தவராயின் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தாழும்படி 30 தரம் அழுத்துக. இருமுறை ஊதி, மீண்டும் 30 தரம் அழுத்துக. உதவி வரும்வரை, அல்லது மூச்சுத் திரும்பும்வரை நிறுத்தவேண்டாம்.

கேட்டதனால் மட்டும் இது கைக்கு வராது. இவ்வளவு பலமாகவா அழுத்துவது என்று எல்லாரும் முதலில் தயங்குவர். பயிற்சி பெற்ற தாதி ஒருவர் இங்கே வந்திருக்கிறார். மேடைக்கு இடப்புறத்தில் இரண்டு பாயும் தலையணைகளும் போட்டிருக்கிறோம். துறைமுகத்தில் வேலைசெய்வோரும் கரைவலைக்குப் போவோரும் முதலில் வாருங்கள். பெரியோர்களும் வரலாம், முழங்கால் இடங்கொடுத்தால்.