சம்பளம் எங்கே போகிறது? வட்டம் கீறிப் பார்ப்போம்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நாங்கள் ஆற்றிய உரை)



சம்பள நாள் முடிந்து ஒரு கிழமைக்குள் லயத்துக்கு லயம் ஒரு பேச்சுக் கேட்கும். "வாங்கின காசு எல்லாம் எங்கதான் போச்சு?" புருஷன் மனைவியைக் கேட்பார், மனைவி புருஷனைக் கேட்பார். இரண்டு பேரிடமும் பதில் இருக்காது. சண்டைதான் மிஞ்சும். காசு போகும் வழியைக் கண்ணால் பார்க்க ஒரு முறையைச் சொல்லித்தரவே இன்று வந்திருக்கிறோம். அதன் பெயர் வட்ட வரைபு. மேல் வகுப்புப் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் இதைப் படிக்கிறார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை, நம்ம ரொட்டி மாதிரித்தான். ஒரு முழு ரொட்டியைப் பங்கு வைத்தால் யாருக்குப் பெரிசு, யாருக்குச் சிறிசு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே போல மாதச் சம்பளத்தை முழு ரொட்டியாக வைத்துச் செலவுகளைப் பங்குகளாகக் காட்டுகிறோம். 1801ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேபெயர் என்பவர், துருக்கிப் பேரரசின் நிலம் எந்தக் கண்டத்தில் எவ்வளவு என்று இப்படி வட்டத்தில் பிரித்துக் காட்டினார். நாங்கள் வீட்டுக் கணக்கைப் பிரிக்கப் போகிறோம்.

எப்படிக் கீறுவது?

பழைய கொப்பியில் ஒரு தாளை எடுத்து, சின்னத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கீறுங்கள். வட்டத்தை வெட்டி எடுத்து இரண்டாக மடித்து, திரும்பவும் ஒரு தடவை மடியுங்கள். விரித்தால் நாலு பங்கு தெரியும். ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தால், சுவர் மணிக்கூடு மாதிரி 12 கட்டம் வரும். பாகைமானி வைத்திருக்கும் பிள்ளைகள் 30 பாகைக்கு ஒரு கோடு போடட்டும், இன்னும் சரியாக இருக்கும். முழு வட்டம் 360 பாகை.

இனிக் கையில் வந்த காசை 12ஆல் பிரியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு குடும்பத்துக்குக் கையில் வந்தது 36,000 ரூபா என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு கட்டம் 3,000 ரூபா.

அரிசி, மா, மரக்கறி, சாமான்: 18,000 ரூபா, 6 கட்டம்
கடன், அடகு வட்டி: 6,000 ரூபா, 2 கட்டம்
பிள்ளைகளின் படிப்பு: 4,500 ரூபா, ஒன்றரைக் கட்டம்
மருந்து, பஸ்: 3,000 ரூபா, 1 கட்டம்
வெற்றிலை, சாராயம்: 3,000 ரூபா, 1 கட்டம்
கோயில், நல்லது கெட்டது: 1,500 ரூபா, அரைக் கட்டம்

ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டுங்கள். கடனும் வட்டியும் பிள்ளைகளின் படிப்பை விடப் பெரிய பங்காக இருப்பது இப்போது பளிச்சென்று தெரிகிறதல்லவா? ஆறாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு என்று வாயால் சொல்லும்போது இது மனதில் படாது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, பங்குகள் சேர்ந்து முழு வட்டமாக வேண்டும். ஒரு கட்டத்துக்குக் கணக்குத் தெரியாவிட்டால் அதில் "தெரியாது" என்றே எழுதுங்கள். இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். செலவு வட்டத்துக்குள் அடங்காவிட்டால், அந்த மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது, ஒரு வட்டம் ஒரு முழுத்தொகைக்கு மட்டுந்தான். சம்பளச் சிட்டையில் வெட்டுவதைப் பார்க்க வேறு வட்டம் கீறுங்கள். அதில் வெட்டுவதற்கு முந்திய மொத்தச் சம்பளமே முழு வட்டம். ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளி பங்கு குறைந்தது 8 சதவீதம், தொழில் கொடுப்பவர் பங்கு குறைந்தது 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 சதவீதம் முழுவதும் தொழில் கொடுப்பவருடையது, நம்ம சம்பளத்தில் வெட்டக்கூடாது. ஆகவே உங்கள் வட்டத்தில் அதற்குப் பங்கு இருக்கக்கூடாது. இருந்தால் போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, வட்டத்துக்குக் கீழே மொத்தத் தொகையை எழுதுங்கள். 36,000இல் பாதி 18,000. வேலை குறைந்த மாதத்தில் 24,000இல் பாதி 12,000தான். இரண்டும் பார்வைக்கு ஒரே அரை வட்டம், ஆனால் சாமான் ஒன்றல்ல.

ஒரு தோட்டத்தில் புருஷனையும் மனைவியையும் தனித்தனியாகக் கீறச் சொன்னோம். அவர் கடனுக்கு ஒரு கட்டம் விட்டார். அந்த அம்மா மூன்று கட்டம் விட்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிள்ளையின் வருத்தத்துக்கு நகையை அடகு வைத்ததை அந்த அம்மா பயத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறார். "வட்டி எவ்வளவு கட்டுற?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது வட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து கீறினார்கள். வெற்றிலை, சாராயப் பங்கில் பாதியை அவரே அழித்து, நகை திருப்ப என்று எழுதினார்.

வட்டம் கீறினால் சம்பளம் கூடாது. சம்பளம் போதாத வீட்டில் அது போதவில்லை என்பதையும் இந்த வட்டம் காட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்திலும் கூட்டத்திலும் பேசலாம். வீட்டிலோ, யார் குற்றம் என்று தேடாமல், எந்தப் பங்கைக் குறைக்கலாம் என்று பேசலாம்.

வருகிற சம்பள நாளன்று பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து ஒன்று கீறுங்கள். மூன்று மாதம் கீறி, மூன்றையும் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எந்தப் பங்கு வளருது, எது தேயுது என்று நீங்களே சொல்லுவீர்கள்.