பை தூக்கிப் போவோம்

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவான் என்று நினைச்சு வந்திருப்பீங்க. நான் பஸ்ஸையும் ரயிலையும் பற்றிப் பேசப் போறேன். எனக்கு வங்கியில் குமாஸ்தா வேலை. லீவு கிடைத்தால் கூட வேலை செய்றவங்க திருப்பதி, காசி என்று கிளம்புவாங்க. நான் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு சாதாரண பஸ்ஸிலும் முன்பதிவில்லாப் பெட்டியிலும் தென்னிந்தியாவைச் சுற்றுகிறவன். 'எதுக்குய்யா இந்த வெட்டி அலைச்சல்?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நம்ம பாட்டன் பூட்டனும் ஊர்விட்டு ஊர் போனவங்கதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, மலேயா ரப்பர் காட்டுக்கு, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மூட்டை தூக்கிப் போனாங்க. அது பிழைப்பு. பார்க்கணும் என்ற ஆசைக்காக மட்டும் ஊர் சுற்றுவது நமக்கு வாய்க்காத ஒன்று. மூட்டைக்கும் பைக்கும் உள்ள வித்தியாசம் அது. கூலி, நிலம், கல்வி மட்டும்தான் உரிமை என்று நாமே நினைத்துவிடுகிறோம். சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு போவதும் உரிமைதான் தோழர்களே.

இந்த ஜன்னலோரம் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. காசு கொடுத்தவன் எவனும் ஏறலாம் என்பது ரயிலின் சட்டம். தெருவில் எட்டி நிற்கச் சொன்னவன் பெட்டிக்குள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஆனால் நிலையத்துச் சாப்பாட்டு விடுதியில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம். பெரியார் இயக்கம் போராடி 1941இல்தான் அது ஒழிந்தது. பஸ் கதை இன்னும் மோசம். நம்மை ஏற்றவே மாட்டோம் என்றார்கள் முதலாளிகள். ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டவர், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன்.

அம்பேத்கர் சிறுவனாக 1901இல் செய்த ஒரு பயணத்தை எழுதியிருக்கிறார். அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் ரயிலில் போய் மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடுப்பைப் பார்த்து அக்கறையாக விசாரித்த நிலைய அதிகாரி, மகர் என்று தெரிந்ததும் விலகிப் போகிறார். மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். ரயில் ஏற்றிக்கொண்டது, இறங்கின இடம் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் நம் பயணத்தின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பெட்டியில் பக்கத்தில் உட்காரும் பெரியவர் அன்பாகத்தான் ஆரம்பிப்பார். 'தம்பிக்கு எந்த ஊரு?' சொல்கிறோம். 'ஊர்ல எந்தப் பக்கம்?' சொல்கிறோம். 'யாரு வூட்டுப் புள்ள?' அப்புறம் நேராகவே, 'நீங்க என்ன ஆளுக?' சுற்றுலாக் கையேடு எதிலும் இல்லாத பரிசோதனைச் சாவடி இது. நான் 'தலித்' என்று சொல்லிவிடுவேன். சிலர் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். சிலர் முறுக்கை நீட்டுவார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

நிறுத்திக்கொள்வதோடு போனால் பரவாயில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்கச் சாதி. கலவரம். கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லாப் பஸ்ஸிலிருந்தும் அரசு அழித்தது. அதே 1997, ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் மதுரையில் கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பழைய கதை என்று சொல்லாதீங்க. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுத பஸ்ஸில் போன பள்ளி மாணவனை இழுத்துப் போட்டு வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. நமக்கு பஸ் வெறும் வாகனம் இல்லை.

அதனால்தான் போகணும் என்கிறேன். எங்கே போவது? வெள்ளைக்காரப் பையன்கள் கையேட்டை வைத்துக்கொண்டு கோவளம் கடற்கரைக்குப் போகிறார்கள். போகட்டும், நல்ல கடல், நீங்களும் குளியுங்க. குளித்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் வெங்ஙானூருக்கு லோக்கல் பஸ் பிடியுங்க. அய்யன்காளியின் ஊர். புலையர் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் 1893இல் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, மணி கட்டின மாடு பூட்டி, வில்லுவண்டி ஓட்டிப் போனாரே, அந்த அய்யன்காளி. சாலை உரிமைப் போராட்டத்தில் நம்ம முதல் பயணி அவர்தான் என்பேன்.

அங்கிருந்து வடக்கே ரயில் ஏறி, கோட்டயம் தாண்டி வைக்கம் ரோடு நிலையத்தில் இறங்கி, பஸ் மாறினால் வைக்கம். கோயிலைச் சுற்றின தெருவில் நடக்க 1924 மார்ச் 30இல் முதலில் போன மூவரில் ஒருவர் குஞ்ஞாப்பி, புலையர். பெரியார் சிறைப்பட்டதை நாம் சொல்கிறோம், சொல்லத்தான் வேணும். குஞ்ஞாப்பியையும் சேர்த்துச் சொல்லுங்க. அந்தத் தெருக்களில் மெதுவாக நடந்து பாருங்க. நான் இரண்டு சுற்று நடந்தேன். கால் வலித்தது, மனசு நிறைந்தது.

அடுத்து, கர்நாடகம். சென்னை–பெங்களூர் பாதையில் பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டிக்கு மாறுங்க. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் வரும். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் வெட்டினது வடஆற்காட்டிலிருந்து போன நம்ம சனம். அயோத்திதாசர் எழுத்தைப் புத்தகமாக்கிக் காப்பாற்றின சித்தார்த்த புத்தகசாலை இருந்ததும் இந்தச் சாம்பியனில்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் வெட்டினவர் பிள்ளைகள் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்தக் காலை வண்டியில் ஒருநாள் நின்றுகொண்டே போங்க. வரலாறு வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஆந்திரத்தில் தெனாலிக்குப் பக்கம் சுண்டூர். ரயில் நிலையம் உண்டு. சினிமாக் கொட்டகையில் கால் பட்டது என்று தொடங்கின தகராறில், 1991 ஆகஸ்ட் 6இல் எட்டுத் தலித்துகளைக் கொன்ற ஊர். ஊரிலேயே தனி நீதிமன்றம் வைத்து 2007இல் தண்டித்தார்கள். 2014இல் உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. கொல்லப்பட்டவர்களை ஊர் நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். போய் நில்லுங்க. மொழி தெரியாவிட்டாலும் 'ஜெய் பீம்' என்றால் யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பெண் தோழர்கள் 'எங்களால் முடியுமா' என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் அந்த மாநிலப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் மாநிலம் முழுக்க இலவசம். நடவுக்கும் கொத்து வேலைக்கும் போகிற நம்ம அம்மாக்கள் அதில் ஏறுகிறார்கள். 'ஓசி' என்று இளக்காரம் பேசுகிறவர்களை அந்த அம்மாக்களே நன்றாகக் கேட்கிறார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு மலையைப் பார்ப்பதற்காக மட்டும் அவர்கள் பஸ் ஏறுகிற நாளும் வரணும்.

கடைசியாக நடைமுறை. பையில் இரண்டு செட் துணி, போர்வை, தண்ணீர், நோட்டு போதும். இருவராகப் போங்க. லாட்ஜைவிடத் தோழர் வீட்டுத் திண்ணை நல்லது. போகுமுன் தகவல் சொல்லிவிடுங்க. போன இடத்தில் நம்ம தெருவுக்குத்தான் முதலில் போகணும். தண்ணீர் எங்கிருந்து வருது, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, பஸ் நம்ம தெருமுனையில் நிற்குதா, ஊரில் மட்டும்தான் நிற்குதா என்று கேட்டு எழுதுங்க. சேரியில் நிற்காத பஸ் தடத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு வாங்க. அடுத்த முகாமில் அதை வாசிப்போம். எங்கே நிற்க வைக்கணும் என்று அங்கேயே முடிவு செய்வோம்.

ஜெய் பீம்.