வாத்தியார் வீடு தேடி வந்தால்
(உன்னிச்சையில் ஆசிரியர் தினத்தன்று ஆற்றிய உரை)



இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டத்துக்கு வர மேலும் முப்பது வருசமளவில் பிடித்தது. 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும்வரை எங்கள் பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையில். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு.

எங்கள் வாத்தியார் பிரம்பும் வைத்திருந்தார், மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு நாள் நான் போகாவிட்டால் லயத்துக்கே வந்துவிடுவார். அம்மா கொழுந்தெடுக்கப் போனால் தம்பியை நான்தான் பார்க்க வேண்டும். "அவனையும் தூக்கிக்கிட்டு வா" என்றார். கைப்பிள்ளையோடு நாலாம் வகுப்பில் உட்கார்ந்தவள் நான். தம்பி அழுதால் அவரே தோளில் போட்டுக்கொண்டு கணக்குச் சொல்லித் தருவார்.

ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்றவர்கள் உருவாக்கிய தலைமுறையைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அங்கே போய்ச் சேரும்வரை பிள்ளையை விடாமல் பிடித்து வைத்தவர்கள் இந்த லயத்து வாத்தியார்மார்.

அங்கே தேயிலை, இங்கே வயல். பிள்ளை நின்றுவிடும் காரணம் ஒன்றுதான். வெள்ளாமை வெட்டுக்கு நிறுத்தியிருந்தால், கேட்டு வரும் ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். குறை பிடிக்க அவர் வரவில்லை. வலையிறவுப் பாலம் தாண்டி வந்து, யானை இறங்குமுன் திரும்ப வேண்டியவர், அந்த நேரத்திலும் உங்கள் படலையில் நிற்கிறார்.

இங்கே தங்க ஒரு விடுதி இருந்தால் பின்னேர வகுப்பும் நடக்கும். கோரிக்கைக் கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும்.