பாலில்லை என்று யாரைச் சொல்கிறோம்?

(தாய்ப்பால் வாரத்தில் பாளையம்பட்டியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். இதைச் சொல்ல வருகிறவர்கள் சேனையில்தான் தொடங்குவார்கள். கிழவிகள் சீனித்தண்ணீரை நாக்கில் வைக்கிறார்கள், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறார்கள், படிக்காத சனம் என்பார்கள். சேனை வேண்டாம்தான். வைக்கிற ஆளின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது, பிறப்பில் குணம் பார்க்கிற புத்திக்குப் பங்காளி. ஆனால் சேனை ஒரு நாள் சங்கதி. மூன்றாம் மாதம் புட்டி எப்படி வந்தது?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் இங்கே சுமார் 55 சதம். இந்திய அளவில் சுமார் 64. அறியாமைதான் காரணம் என்றால் நாம் முன்னால் அல்லவா இருக்க வேண்டும்? சிசேரியன் பெருகியது ஒரு காரணம், முதல் பால் தள்ளிப்போகிறது. அதைவிடப் பெரிய காரணம் நேரம் என்பேன்.

பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவளுக்கு மார்பு கட்டி வலிக்கும், பிறகு சுரப்பே குறையும். அப்புறம் 'அவளுக்குப் பாலில்லை' என்று பெயர்.

அரசு ஊழியரான தாய்க்கு 2021 ஜூலை முதல் சம்பளத்தோடு 12 மாத விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், 2017 முதல் 26 வாரம். இந்த ஊரில் தறிவீட்டில் தார் சுற்றுகிறவளுக்கு? காட்டில் களையெடுக்கிறவளுக்கு? திருச்சுழிப் பக்கம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவளுக்கு? காட்டிலும் மூட்டத்திலும் நிற்பவள் எந்தத் தெருக்காரி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், தவணை தவணையாக. அதிலும் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 100 ரூபாய். அதை நம்பி எவள் வீட்டில் உட்காருவாள்?

1928இல் பம்பாய் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, ஆகவே சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். மறுவருடம் சட்டம் வந்தது, ஆலைக்குள் மட்டும். வெளியே நின்றவள் இன்றும் வெளியே.

நூறு நாள் வேலைச் சட்டம் 2005லேயே ஒன்று சொன்னது: வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தது உண்டா என்று வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குச் சில நாள்தான் இருக்கிறது. வேலைத்தளத்தில் நிழல், தொட்டில், பால் கொடுக்கப் போய்வர நேரம், மூன்றையும் கேட்டு மனு எழுத வேண்டும். கூட்டம் முடிந்ததும் யார் யார் இருக்கிறீர்கள்?