விற்ற பறையும் வாங்காத ஆர்மோனியமும்

(மாணவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இசைக் கலைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால் தவறாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு. 'அந்த கிதாரை விற்றிருக்கக் கூடாது.' 'அன்றைக்கே அந்த வீணையை வாங்கிப் போட்டிருக்கலாம்.' கைவிட்டுப் போன கருவியை நினைத்து ஏங்குவது இயல்புதான். ஆனால் அப்படி ஏங்க வேண்டுமென்றால், முதலில் அந்தக் கருவியை நாம் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பிறந்த தெருவைப் பார்த்து ஊரே அதை நம் தோளில் மாட்டிவிட்டிருந்தால் அதை விற்றதற்காக யார் வருந்துவார்கள்?

நான் பறையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆய்வுக்காகச் சென்ற ஒரு கிராமத்தில், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். நாற்பது வயதுக்குள்ளேயே பறையை விற்றுவிட்டவர். "வருத்தமா இல்லையா தாத்தா?" என்று கேட்டேன். "எதுக்குப்பா வருத்தம்? சாவு விழுந்தா நடுராத்திரியில வந்து நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுவான். என் வயசுல பாதி இருக்கமாட்டான். அந்தக் கூப்பாடு நின்னுச்சுல்ல" என்றார். சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆர்மோனியம் ஒண்ணு வாங்கணும்னுதான் ஆச. கூத்துல பாத்து வந்த ஆச. வாங்கி எங்க போயி வாசிக்கிறது? எந்த செட்டுல நம்மள சேப்பான்?"

அவர் விற்ற கருவி அவரை வருத்தவில்லை. வாங்க முடியாமல் போன கருவிதான் வருத்துகிறது. இன்று நான் பேச வந்தது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

நம் தலைமுறைக்குப் பறை பெருமிதம். மாநாட்டு மேடையிலும் கல்லூரி விழாவிலும் போராட்டக் களத்திலும் அது ஒலிக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடித்து ஆடியபோது, பெண் தொடக் கூடாது என்ற தடையும் சேர்ந்து உடைந்தது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை.

ஆனால் இந்தப் பெருமிதத்தில் நின்றுகொண்டு நம்மில் சிலர், "ஆதித் தமிழரின் கருவியை நம் பெரியவர்கள் தொலைத்துவிட்டார்களே" என்று குறைப்படுகிறோம். தொல்காப்பியம் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் தொல்காப்பியத்தில் இருக்கும் பெருமை, சாவு வீட்டு வாசலில் நின்றவருக்குக் கூலியாகவோ மரியாதையாகவோ வந்து சேரவில்லை. 1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்று சொன்னார். சாதி சுமத்திய ஊர் வேலைகளைத் தொடர்ந்து எதிர்த்தார். இங்கேயும் பல சேரிகளில் 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று முடிவெடுத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், ஊர் வேலையை இழந்தார்கள். பறையை விற்றவரும் உடைத்தவரும் இந்த வரலாற்றில் நிற்கிறார்கள். அவர்கள் அடிக்க மறுத்ததால்தான் பறை நம் கையில் விருப்பத்தின் கருவியாக வந்து சேர்ந்திருக்கிறது. மறுத்தவரும் மீட்டவரும் கேட்டது ஒரே உரிமையைத்தான்: எதை வாசிப்பது, எங்கே வாசிப்பது, யாருக்கு வாசிப்பது என்பதை நான் முடிவு செய்வேன்.

அந்த உரிமை வந்துவிட்டதா? மிருதங்கத்தைப் பாருங்கள். மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் சேர்ந்தால்தான் அதன் நாதம். அந்தத் தோலைத் தேர்ந்து, பதமாக்கி, வார் இழுத்துக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், குறிப்பாக தலித் கிறித்தவர்கள். கருவிக்கு நாதம் தருகிற கைக்கு மேடையில் இடமில்லை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்கு 2020இல் முதலில் இசைவு தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. தோல் மேடையேறலாம், தோலைப் பற்றிய பேச்சு ஏறக் கூடாது!

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் காலங்காலமாக நடக்கும் பாடங்கள் ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். அந்த ஏழில் பறை இல்லை. சேரிப் பிள்ளைக்குத் தெரிந்த கருவிக்கு அங்கே நெடுங்காலமாகச் சான்றிதழ் இல்லாமல் இருந்தது. சான்றிதழ் உள்ள கருவியை வாங்க வீட்டில் பணம் இல்லை. பணத்தைப் புரட்டினாலும், 'உனக்கு எதுக்கு வயலின்?' என்ற பார்வையை எந்தக் கடையிலும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

அம்பேத்கர் தன் பிற்காலத்தில் வயலின் கற்றார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய வயலின் புனே சிம்பயோசிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசியல் சட்டம் எழுதிய கை, ஒரு மாணவனைப் போல வில் பிடிக்கப் பழகியது. எந்தச் சாதியும் அவருக்கு ஒதுக்காத கருவி அது. அவராக விரும்பி எடுத்தார்.

அதனால் தோழர்களே, மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

பறையை விட்டுவிட்ட பெரியவர்களிடம், 'ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். அவர் மறுப்பும் நம் இயக்கத்தின் வரலாறுதான்.

பறை வாங்கினால் அதைச் செய்தவரிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள். சட்டத்தைச் செய்தவர் யார், தோல் கட்டியவர் யார் என்று கேட்டு, மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். விழாவுக்குக் கலைஞர்களை அழைத்தால் வழிச்செலவோடு நிறுத்தாமல் முழு ஊதியம் கொடுங்கள்.

மூன்றாவது, உங்கள் படிப்பு வட்டங்கள் இருக்கும் தெருக்களில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஆர்மோனியமோ கீபோர்டோ வயலினோ வையுங்கள். பழையதாக இருந்தாலும் போதும். பறையும் இருக்கட்டும். எதை எடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்யட்டும். நாளை அவர்களில் ஒருவர், 'அந்தக் கருவியை விற்றிருக்கக் கூடாது' என்று வருத்தப்பட்டால், அந்த வருத்தமாவது அவருடைய சொந்த வருத்தமாக இருக்கும்.