அடிக்கடி நின்றுபோகும் டீசல் என்ஜின்

(பாலாற்றங்கரை விவசாயிகளிடையே நிகழ்த்திய உரை)



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரை நெடுகிலும் தோல் பதனிடும் தொழிலும் வேளாண்மையும் அருகருகே நடந்து வருகின்றன. மின்சார மோட்டார் பரவிவிட்ட இக்காலத்திலும், இணைப்புக் கிடைக்காத கிணறுகளிலும் மின்தடை வேளைகளிலும் பழைய டீசல் என்ஜினே பயிரைக் காக்கிறது. அது ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நின்று, மறுபடி சுற்றிவிட்டாலும் மறுபடி நின்றுபோனால், பயிரோடு விவசாயியின் கைப்பணமும் வாடுகிறது. காரணம் அறியாமல் நாசிலை மாற்றி, பிஸ்டன் வளையத்தை மாற்றி, பின்னும் என்ஜின் நிற்கக் கண்டு மனம் சோர்ந்தவர் பலர்.

ஆகையால் உதிரி சாமான் வாங்கப் புறப்படுமுன் ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? எவ்விதம் நிற்கிறது? காய்ச்சல் எப்போது வருகிறது என்று வைத்தியர் முதலில் கேட்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

சில நிமிடங்களில் திணறித் திணறி நிற்குமானால், பெரும்பாலும் எண்ணெய் வந்து சேரவில்லை என்று பொருள். முதலில் டீசல் தொட்டியின் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்திற்குக் காற்று வர வழியில்லாததால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஓர் ஊசியால் தீரும் கோளாறு இது! அதில் குறையில்லையெனில், தொட்டியின் அடியில் தண்ணீரோ கசடோ தங்கியுள்ளதா, வடிகட்டி அடைத்துள்ளதா என்று பாருங்கள். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருந்தாலும் என்ஜின் நிற்கும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை விட்டு இறுக்குங்கள். பின்னர் எண்ணெய்ப் பம்பிலும் அவ்வாறே செய்யுங்கள். நாசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது மட்டும் பீச்சலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

பாரம் ஏறியவுடன் கரும்புகை கக்கி நிற்குமானால், காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். பெல்ட் மிகையாக இறுகியிருக்கலாம். பம்பின் உட்சக்கரத்தில் ஏதேனும் சிக்கியிருக்கலாம்.

அரைமணி, ஒருமணி நேரம் ஒழுங்காக ஓடிய பின் இறுகி நிற்குமானால், அது சூட்டினால் வந்த கோளாறு. நம் பகுதியில் மிகவும் கருத வேண்டியது இதுவே. பல கிணறுகளில், இறைக்கும் நீரிலேயே ஒரு பகுதியைச் சிறு குழாய் வழியே என்ஜினுக்குள் விட்டு அதைக் குளிர்விக்கிறோம். கடினநீர் ஓடும் இடத்தில் சுண்ணம் படிகிறது. உப்புநீர் இரும்பை அரிக்கிறது. தோல் பதனிடும் தொழிலில் தோல் கெடாதிருக்க இடும் உப்பு, கழிவுநீரோடு கலந்து நிலத்தடி நீரில் சேர்ந்த வரலாறு நாம் அறிந்ததே. இத்தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதி இழந்ததாக, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே குறிப்பிட்டது. நிலத்தைக் கெடுத்த அந்நீர் என்ஜினை மட்டும் விட்டுவைக்குமா?

இதற்கு வழி உண்டு. மெதுவாகச் சுழலும் பழைய லிஸ்டர் வகை என்ஜின்களுக்கு, ஒரு பீப்பாயில் மழைநீரையோ நல்ல நீரையோ நிரப்பி இணைத்துவிடலாம். சூடான நீர் மேற்குழாய் வழியே பீப்பாய்க்குச் செல்லும். ஆறிய நீர் கீழ்க்குழாய் வழியே என்ஜினுக்குத் திரும்பும். நீர்மட்டம் மேற்குழாய்க்கு மேலே இருக்கப் பார்த்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே படிந்த சுண்ணத்தைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு நீக்குங்கள். சூடேறி நின்ற என்ஜினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், ஹெட் வெடித்துவிடும். தானாக ஆறட்டும்.

கிணறே என்ஜினை நிறுத்துவதும் உண்டு. தரைமட்டப் பம்பு நீரைத் தானாக இழுப்பதில்லை. காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் தாங்கக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 6 மீட்டருக்குள் இருப்பதே நலம். கோடையில் நீர் அதற்குக் கீழே இறங்கினாலும், ஃபுட் வால்வு கசிந்தாலும் பம்பு நீரை விட்டுவிடும். உடனே என்ஜினைக் குளிர்விக்கும் நீரும் நின்றுபோகும். சற்று நேரத்தில் என்ஜின் சூடேறி நிற்கும். குற்றம் கிணற்றில் இருக்க, செலவு என்ஜினுக்கு! ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்தால் உண்மை விளங்கிவிடும். பம்பை மட்டும் கிணற்றின் உள்திட்டுக்கு இறக்கி, மேலிருந்து பெல்ட் மூலம் ஓட்டலாம். என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுதல் ஒருக்காலும் கூடாது. அதன் புகையிலுள்ள நச்சு வாயு கிணற்றில் தேங்கி, இறங்கியவர் உயிரையும், காப்பாற்ற இறங்குபவர் உயிரையும் வாங்கிவிடும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இரு வேண்டுகோள். கிணற்று நீரின் உப்பளவை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்தறிய விவசாயிகளைத் தூண்டுங்கள். ஒவ்வோர் என்ஜின் அருகிலும் ஒரு குறிப்பேடு தொங்கட்டும். எந்நாள், எத்தனை நிமிடம் ஓடியது, புகை என்ன நிறம், நீர்மட்டம் எவ்வளவு என்ற நான்கையும் அதில் எழுதி வந்தால், மெக்கானிக் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். வேண்டாத சாமானுக்குச் செலவாகும் பணம் வித்துக்கும் எருவுக்கும் மிஞ்சும்.